ஐந்து மணிச் சிக்கல்: மதுரை – நெல்லை அல்வாப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

மதுரையிலும் அல்வா கிடைக்கும். ஆய்வு நேர்மையைக் கருதி இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். கோதுமைப் பால் எடுத்துக் கிண்டிய அல்வா, நெய் வடியும் அல்வா, பெயர்ப் பலகையிலேயே 'திருநெல்வேலி' என்று எழுதிவைத்த அல்வா என எல்லா வகையும் மாட்டுத்தாவணிப் பக்கமும் பெரியார் நிலையத்தைச் சுற்றியும் தாராளமாகக் கிடைக்கின்றன. இருந்தும் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு மதுரைக் குடும்பம் காரை எடுத்துக்கொண்டு சுமார் 155 கிலோமீட்டர் தெற்கே போகிறது. தெருவோரம் நின்றபடி ஆளுக்கு நூறு கிராம் தின்கிறது. இரண்டு கிலோவைக் கட்டிக்கொண்டு இரவோடு இரவாகத் திரும்புகிறது.

பொருளாதாரத்தால் இதை விளக்க முடியாது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று வழியில் மூன்று சுங்கச்சாவடிகள், திரும்பும்போதும் அவையே. டீசலையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தச் செலவில் அல்வாவின் பங்கு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொள்ளும். மருத்துவத்திடம் விளக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு யாரும் காரில் ஏறுவதில்லை. வேறு துறைகள் கைவிட்ட இந்தப் பொருளை 'உண்பயணவியல்' என்ற தனித்துறையின் கீழ்க் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையறை எளிது. காலையில் கிளம்பி அன்றிரவே சொந்தப் பாயில் வந்து படுக்க வேண்டும். ஓட்டலில் அறை போட்டால் அது சுற்றுலா. போன ஊரில் சித்தி வீடு இருந்து, சித்தி சமைத்துப் போட்டால் அது விருந்து. அங்கே 'எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதால் ஆய்வுக்கு உதவாது. போகிற இடத்தில் வேறு வேலை இருந்து, போன இடத்தில் சாப்பிட்டால் அது வெறும் பசி. உண்பயணத்தில் சாப்பாடுதான் வேலை. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் இத்துறையின் உயிர்நாடி. தின்பதற்காக ஒருவர் ஊர்விட்டு ஊர் போகிறார் என்பது தமிழ்க் குடும்பத்தில் இன்னும் முழு அங்கீகாரம் பெறாத செயல். 'அம்புட்டுத் தூரம் போயித்தான் திங்கணுமாக்கும்?' என்ற கேள்விக்கு அஞ்சி, ஒரு சாக்கு தயாரிக்கப்படுகிறது. துக்கம் விசாரிப்பது உறுதியான சாக்கு, ஆனால் அது நம் கையில் இல்லை. துணி எடுப்பது பலவீனமான சாக்கு. விளக்குத்தூண் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு துணி எடுக்க நெல்லைக்குப் போகிறேன் என்றால் குழந்தைகூட நம்பாது. மிஞ்சுவது கோயில்.

'ஞாயித்துக்கிழமை நெல்லையப்பரப் போயிக் கும்பிட்டு வருவமா அத்தை? ரொம்ப நாளாச்சு.'

'போனதே இல்லையேடா. அப்பறம் என்ன ரொம்ப நாளாச்சு?'

இப்படி மடக்கும் அத்தைகளைச் சமாளிக்க நல்ல சைவப் பின்புலம் தேவை. ஐந்து சபைகளில் வெள்ளி சபை மதுரையில் இருக்கிறது, தாமிர சபை நெல்லையில் இருக்கிறது. நம்மூர் சபையைப் பார்த்தவர் அடுத்ததைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டால் அத்தையும் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். வரும்போது தூக்குவாளியும் கொண்டுவருவார். ஆக, அவருக்கும் விஷயம் தெரியும்.

தெற்கே போவானேன், வடக்கே அறுபது சொச்சம் கிலோமீட்டரில் திண்டுக்கல் இல்லையா என்று எதிர்வாதிகள் கேட்பார்கள். இருக்கிறது. 1957-இல் நாகசாமி நாயுடு அங்கே ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாவே பிறகு கடைக்குப் பெயராகி, சீரகச் சம்பா பிரியாணியோடு கடல் கடந்தும் கிளை விட்டுவிட்டது. கிளை பக்கத்துத் தெருவிலேயே இருக்க, பிறந்த ஊருக்குப் போய்த் தின்றால்தான் கணக்கில் வரும் என்று திண்டுக்கல்லுக்கு வண்டி கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் கோட்பாட்டு நோக்கில் திண்டுக்கல் பயணம் சப்பென்றிருக்கிறது. பிரியாணி மதியம் கிடைக்கிறது. பசியும் மதியம்தான் எடுக்கிறது. போனோம், தின்றோம், வந்தோம். ஆராய்வதற்கு அங்கே முடிச்சே இல்லை.

நெல்லையில் முடிச்சு இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் உள்ள இருட்டுக்கடை மாலை 5 மணி வாக்கில்தான் திறக்கும். சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்து கதவைச் சாத்திவிடுவார்கள். ஊரில் வேறு அல்வாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஜங்ஷன் பக்கம் இறங்கினால் ஒரே பெயரை முன்னும் பின்னும் ஒட்டு போட்டு வைத்துக்கொண்ட கடைகள் வரிசையாக நிற்கின்றன, காலையிலேயே சூடாகவும் தருகின்றன. ஆனால் மதுரையிலிருந்து வந்தவருக்கு அது போதாது. அவர் அத்தனை தூரம் வந்தது ஒரு மங்கல் விளக்கின் கீழ் விற்கப்படுவதை வாங்க. அதற்கு 5 மணி ஆக வேண்டும். காலையில் கிளம்புகிறவருக்கும் மாலையில் திறக்கும் கடைக்கும் இடையில் விரியும் இந்தப் பள்ளத்தையே இவ்வாய்வு 'ஐந்து மணிச் சிக்கல்' என்று அழைக்கிறது. பயணத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும், கோயில் உட்பட, இந்தப் பள்ளத்தை நிரப்பக் கொட்டப்பட்ட மண் என்பது நமது கருதுகோள்.

இந்திய ரயில்வேயும் இந்தச் சிக்கலில் தலையிட்டிருக்கிறது, அறியாமலே. 2023 செப்டம்பரில் சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத் வந்தது. மதுரையிலிருந்து இரண்டே மணி நேரம். ஆனால் அறிமுகமான அட்டவணைப்படி அது நெல்லையை எட்டுவது இரவு 10 மணிக்கு மேல். புறப்படுவது விடியற்காலை 6 மணி. 2024-இல் நாகர்கோவில் வரை இன்னொரு வந்தே பாரத் விட்டார்கள். அது மதியம் நெல்லைக்கு வந்துசேர்கிறது, நல்ல நேரம். திரும்பும்போது பிற்பகல் 4 மணிக்கு முன்பே நெல்லையைக் கடந்துவிடுகிறது. ஆக, தென்மாவட்டத்தின் அதிவேக ரயில்கள் இரண்டும் அல்வா விற்காத நேரம் பார்த்தே ஓடுகின்றன. அதனால் உண்பயணி தேசிய நெடுஞ்சாலை 44-ஐயே நம்பியிருக்கிறார்.

காலை 8 மணிக்கு விருதுநகர். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட முழுசாக இராது. எண்ணெய், பருப்பு, மிளகாய் வத்தல் விலைக்கு ஊரெல்லாம் காது கொடுக்கும் சந்தை அது. காமராஜர் 1903-இல் பிறந்த ஊர். உண்பயணிக்கு அது எண்ணெய் பரோட்டாவின் ஊர். ஆனால் பரோட்டாக் கல் சூடேறுவது பொழுது சாய்ந்துதான். காலையில் விருதுநகரைக் கடப்பவர் அடையும் ஏக்கத்தை வரும் வழிக்கென்று எடுத்துவைத்துக்கொள்வது மரபு.

சாத்தூரில் காராச்சேவு. கடலை மாவில் மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, கண் போட்ட தட்டில் உள்ளங்கையால் தேய்த்து எண்ணெயில் இறக்குகிறார்கள். காலை 9 மணிக்கு யாரும் காராச்சேவு வாங்க மாட்டார்கள் என்று தர்க்கம் சொல்லும். சாத்தூர்க் கடைவீதியில் நிற்கும் வெளியூர் வண்டிகள் வேறு சொல்லும். அரைக் கிலோ பொட்டலம் பிரிக்கப்படாமல் மதுரை வரை வந்து சேர்ந்ததாகச் செய்தி இல்லை.

கோவில்பட்டியில் வண்டி நின்றே தீரும். 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பெற்றன. 2023-இல் மணப்பாறை முறுக்கு பெற்றது. கிண்டியில் உள்ள பதிவகம் இந்தச் சான்றுகளைத் தருவதற்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகளில் ஒரு பதிவகம் இயங்கிவந்தது. பஸ்ஸில் இறங்கி வருகிறவரின் கைப்பையைப் பார்த்து, 'கோவில்பட்டியில வாங்குனதா, இல்ல இங்க முக்குல வாங்குனதா?' என்று கேட்கும் பாட்டிதான் அதன் பதிவாளர். அவரிடம் மேல்முறையீடு கிடையாது.

இந்த இடத்தில் புகழ்பெற்ற 'தண்ணீர்க் கொள்கை'யைப் பரிசீலிக்க வேண்டும். நெல்லை அல்வாவுக்கு ஏன் அந்த ருசி என்று யாரைக் கேட்டாலும் 'எல்லாம் தாமிரபரணித் தண்ணி' என்பார்கள். பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலைச் சேரும் ஆறு. அதன் கரையில் கிண்டினால்தான் அல்வா, மற்றதெல்லாம் களி என்பது கொள்கையின் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. கோவில்பட்டியில் வந்து இது இடறுகிறது. கரிசல் காட்டின் நடுவில், ஆற்றங்கரை எதுவும் இல்லாமல் இருக்கும் அந்த ஊர் கடலை மிட்டாயின் பெருமையைச் சொல்லும்போதும் கரிசல் மண்ணுக்கு அடுத்தபடியாகத் தாமிரபரணித் தண்ணீரைத்தான் சொல்கிறது. உண்மைதான், சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. அப்படியானால் ருசி குழாயில் ஏறும் என்று ஆகிறது. குழாயில் ஏறுமென்றால் லாரியிலும் ஏறும்; லாரியில் ஏறினால் மதுரைக்கும் வரும்; வந்தால் யாரும் நெல்லைக்குப் போக வேண்டியதில்லை. தண்ணீர்க் கொள்கையைப் பிடிவாதமாக நம்புகிறவர்களே ஞாயிறுதோறும் காரில் கிளம்புவதால், அவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்று முடிவுகட்ட வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டியைத் தாண்டியதும் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். ஒரே சிற்றூருக்கு இரண்டு. வண்டிகள் நிற்பதில்லை. கொஞ்ச தூரத்தில் கயத்தாறு. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம், நினைவிடம் இருக்கிறது. அங்கும் வேகம் குறைவதில்லை. இந்த இரண்டு ஊரிலும் யாராவது ஒரு மிட்டாயைப் பிரபலப்படுத்தியிருந்தால் தமிழ் இலக்கியமும் விடுதலை வரலாறும் இன்னும் நாலு பேரைப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நண்பகலில் நெல்லை. இப்போது சிக்கல் தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. கோயில் நடை சாத்தியாயிற்று; 4 மணிக்குத்தான் திறக்கும். அல்வாவுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. சாக்கும் கிடைக்கவில்லை, சரக்கும் கிடைக்கவில்லை என்ற இந்த வெற்றிடத்தில்தான் சொதி வருகிறது.

சொதியை அவசரமாகக் கடந்து போவது அநியாயம். பாசிப்பருப்பு, தேங்காய், நாலைந்து காய். எழுதிக்காட்டினால் இவ்வளவுதான். ஆனால் தேங்காயை ஒருமுறை பிழிந்த கெட்டிப்பால் ஒரு பாத்திரம், இரண்டாம் பால் இன்னொன்று, மூன்றாவது தண்ணீராய் ஒன்று. காய் வேகத் தண்ணிப்பால், கொதிக்க இரண்டாம் பால், கடைசியில் தலைப்பாலை ஊற்றிப் பொங்கவிடாமல் இறக்க வேண்டும். ஒரு கொதி கூடினால் திரிந்துவிடும். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் இது பரிமாறப்படும். மாப்பிள்ளைச் சொதி என்றே ஒரு பெயர் உண்டு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும். தேங்காய்ப்பால் கனம் வயிற்றில் இறங்காமல் உட்கார்ந்துகொள்ளும், அதற்குத்தான் இஞ்சி. அதாவது நோயும் மருந்தும் ஒரே இலையில் வைக்கப்படுகின்றன. காரசாரமான மதுரை நாக்குக்கு முதல் கவளம் 'என்னடா இது, குழம்புல உப்பு ஒறப்பு ஒண்ணையும் காணமே' என்று தோன்றும். மூன்றாவது கவளத்தில் பேச்சு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த உணவு சொதிதான். அதற்காக யாரும் நெல்லைக்குப் போவதில்லை. பொட்டலம் கட்ட முடியாதது காரணமாக இருக்கலாம்.

சொதிக்குப் பிறகு சுமார் இரண்டு மணி நேரம் ஆய்வு நடைபெறாது. காரின் இருக்கைகள் பின்னால் சாய்க்கப்படும்.

4 மணிக்கு நடை திறக்கிறது. பக்தர்கள் உள்ளே போகிறார்கள். தட்டினால் சுரம் எழுப்பும் கல்தூண்களைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். தாமிர சபையைக் கண்டு, சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார்கள். நெல்லையப்பர், காந்திமதியம்மன் இருவரையும் சுற்றிவர ஒரு மணி நேரமாவது ஆகும் பெரிய கோயில் அது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். சாக்கு 4 மணிக்குத் திறக்கிறது, சரக்கு 5 மணிக்குத் திறக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு. இப்படி ஓர் ஏற்பாட்டைத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. 4.40 மணிக்கு ஆண்களில் ஒருவர் 'செருப்பப் பார்த்துக்கறேன்' என்று முன்னாலேயே வெளியேறுவார். அவர் எங்கே நிற்பார் என்பது மனைவிக்குத் தெரியும்.

'எங்கேருந்து வாரிய?' என்கிறார் வரிசையில் முன்னால் நிற்கும் உள்ளூர்ப் பெரியவர்.

'மதுரை.'

'கோயிலுக்கா?'

'ஆமா அண்ணாச்சி.'

'கோயில் வாசல் அந்தாக்ல இருக்கு. இது அல்வா வரிசை.'

சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலைப் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரைப் பாகோடும் நெய்யோடும் மணிக்கணக்கில் கிண்டுவது நெல்லை அல்வா. கையில் வாங்கியதும் சூட்டோடு வழுக்கிக்கொண்டு போகும், மெல்ல வேண்டியதில்லை. இங்கே கொள்கைவாதிகள் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. இருட்டுக்கடையைத் தொடங்கி நடத்தியது ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பம். தாமிரபரணித் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் ருசி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தாண்டி வந்த கைப்பக்குவம். ஆனால் அவர்கள் அன்றிரவே திரும்பிப் போகவில்லை.

மங்கல் விளக்கு, நெருக்கடி, 'சில்லறையாக் குடுங்க' என்ற சத்தம், சட்டையில் ஒட்டிய நெய் எல்லாமாகச் சேர்ந்து பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காலை 7 மணியிலிருந்து காத்திருந்தது இதற்கு. இவ்வாய்வு கண்டறிந்ததாக ஒன்றைச் சொல்லலாமென்றால் அது இதுதான்: மதுரைக் கடைகளால் தர முடியாதது நெய்யோ தண்ணீரோ அல்ல, அந்தப் பத்து மணி நேரம். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் அல்வா வாய்க்குள் போகும்போது அதற்கு முன்கதை எதுவும் இருப்பதில்லை.

திரும்பும் வழி இருட்டு. கோவில்பட்டி, சாத்தூர் எல்லாம் மஞ்சள் வெளிச்சமாய் ஓடிப்போகும். சொதி, அல்வா, இரண்டும் இருக்கும் வயிற்றில் இனி இடமில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எட்டரை மணிக்கு விருதுநகர் வரும்.

பரோட்டாக் கல்லின் நடுவே குளம் மாதிரி எண்ணெய் தேங்கி நிற்க, உள்ளங்கை அகலப் பரோட்டாக்கள் அதில் மிதந்து பொரிகின்றன. வெளியே முறுகல், உள்ளே அடுக்கு. பிய்த்துப் போட்டு, நீர்க்க இருக்கும் சால்னாவை ஊற்றினால் முறுகல் சிறிது நேரம் எதிர்த்து நின்று பிறகு பணிந்துபோகும். பர்மா கடை முதலான பெயர்கள் மதுரையில் மனப்பாடம். எண்ணெய் வணிகம் செழித்த ஊரில் பரோட்டா எண்ணெயில் விழுந்தது இயல்பே என்ற 'சந்தைக் கருதுகோள்' கவர்ச்சியானது. அதே தர்க்கப்படி பருப்பிலும் வத்தலிலும்கூட அது விழுந்திருக்க வேண்டும் என்ற ஆட்சேபணைக்கு இதுவரை பதில் இல்லை. சத்தியங்களைப் பொறுத்தவரை, எட்டே முக்காலுக்கு அத்தை உட்பட அனைவரும் மேசையில் இருப்பார்கள்.

அடுத்த நாள் காலையில் பொட்டலங்கள் பிரியும். ஏசி காரில் வந்த அல்வாவில் நெய் உறைந்து வெள்ளை பூத்திருக்கும். லேசாகச் சுடவைத்தால் சரியாகிவிடும். பக்கத்து வீட்டுக்குக் கால் கிலோ, அலுவலகத்துக்கு அரைக் கிலோ, வராமல் விட்ட மச்சினனுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக. 'கோயிலுக்குப் போனோம், அப்படியே...' என்று கொடுப்பார்கள். வாங்குகிறவரும் 'தரிசனம் நல்லா ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறப்பார்.

எதிர்த்திசைப் போக்குவரத்தையும் ஆராயாமல் இத்துறை முழுமை பெறாது. அதே ஞாயிற்றுக்கிழமை, டிஎன் 72 என்ற நெல்லைப் பதிவெண்ணோடு கார்கள் வடக்கே வருகின்றன. மீனாட்சியைக் கும்பிட என்று சொல்லித்தான் அவர்களும் கிளம்புகிறார்கள். கறிதோசையும் ஜிகர்தண்டாவுமே குறி. இவர்களுக்கு 5 மணிச் சிக்கல் கிடையாது. மதுரை எந்நேரமும் சோறு போடும் ஊர். இவர்களின் சிக்கல் வேறு. கறிதோசை ஆறினால் ஆயிற்று. பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா கப்பலூர் தாண்டுவதற்குள் வெறும் பாலாகிவிடும். பொட்டலமாய்க் காட்ட ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பும் நெல்லைக்காரர், கடைசி நேரத்தில் சித்திரை வீதியோரம் நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொள்கிறார். மதுரை மல்லிக்கும் 2013-இலேயே புவிசார் குறியீடு உண்டு. பூவோடு வீட்டுக்குள் நுழைகிறவரைப் பார்த்து, கோயிலுக்குத்தான் போனாயா என்று எந்த அத்தையும் கேட்பதில்லை.